சி.டி. எழுதும்போது ஆன்ட்டி வைரஸை நிறுத்தலாமா?

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார்.

"சார், பொண்ணு கல்யாண போட்டோ, வீடியோ எல்லாம் பழைய ஹார்ட் டிஸ்க்குல இருக்கு. சித்தூர்ல சம்பந்தி வீட்டுல டி.வி.யோட டி.வி.டி. பிளேயர்தான் வெச்சிருக்காங்க. அவங்களுக்குக் கொடுக்கலாம்னு யு.எஸ்.பி. டி.வி.டி. ரைட்டர் ஒண்ணு வாங்கினேன். ரெண்டு டிஸ்க் போட்டேன், ரெண்டும் பாதியிலேயே நின்னுடுச்சு. ஆன்ட்டி வைரஸை ஆஃப் பண்ணிட்டு எழுதுங்க, சரியாயிடும்னு என் மச்சான் பையன் சொல்றான். பண்ணலாமா?"

ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2006-ல் இதே யோசனையைக் கேட்டு ஆன்ட்டி வைரஸை நிறுத்தி, பன்னிரண்டு வீடுகளுக்குத் தொல்லை கொடுத்தவன் நான். அதனால் அவரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிட்டு, மற்றதை எழுதித் தருவதாகச் சொன்னேன். என்ன கேள்வி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பழைய சி.டி.க்களைப் பீரோவில் வைத்திருக்கும் மற்ற அன்பர்களுக்கும் இது பயன்படும் என்பதால் பாடமாகவே எழுதுகிறேன்.

1. நடுவில் நிற்கக் கூடாத வேலை

எழுதக்கூடிய சி.டி.யின் பிளாஸ்டிக்குக்கு அடியில் மெல்லிய சாயப் படலம் ஒன்று உண்டு. லேசர் ஒளி அதைச் சுடும் இடங்களில் படலத்தின் தன்மை மாறுகிறது. மாறிய இடமும் மாறாத இடமும் அடுத்தடுத்து வருவதுதான் எழுத்து. சுட்டதை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. அதனால்தான் சி.டி.யை 'எரிப்பது' என்று சொல்கிறார்கள்.

இந்த எழுத்து, தட்டின் உட்புறத்தில் தொடங்கி வெளிப்புறம் நோக்கிச் சுருளாகப் போகும் ஒரே ஒரு கோட்டில் அமைகிறது. சுற்றுக்குச் சுற்று இடைவெளி 1.6 மைக்ரான். 74 நிமிட சி.டி.யில் இந்தக் கோட்டை நீட்டிப் பிடித்தால் ஐந்து கிலோமீட்டரைத் தாண்டும். நம் திருப்பதி ரயில் நிலையத்திலிருந்து ஏறத்தாழ அலிபிரி வரை போகும் நீளம் கையகலத் தட்டுக்குள் சுருண்டிருக்கிறது.

கோடு ஒன்றே என்பதால் எழுதுவதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். தட்டு சுழன்றுகொண்டே இருக்கும். கொடுக்க வேண்டிய தகவல் அந்த நேரத்தில் வந்து சேராவிட்டால் லேசர் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. பழைய ரைட்டர்களில் அதோடு கதை முடிந்தது. அந்தத் தட்டு காபி டம்ளருக்கு அடியில் வைக்கத்தான் ஆகும்.

சாதாரண வேகம், அதாவது ஒரு மடங்கு வேகம், என்பது விநாடிக்கு 150 கிலோபைட். 8 மடங்கு வேகத்தில் எழுதினால் விநாடிக்கு 1,200 கிலோபைட். இந்த அளவு ஒரு விநாடிகூடத் தவறாமல் வந்துகொண்டிருக்க வேண்டும்.

2. பஃபர் என்னும் மேல்தொட்டி

ரயில்வேயில் இருந்தவர்களுக்குப் பஃபர் என்றதும் பெட்டியும் பெட்டியும் முட்டும் இடத்தில் இருக்கும் வட்டத் தட்டுதான் ஞாபகம் வரும். முன்னால் வரும் குலுக்கலைப் பின்னால் போகவிடாமல் தாங்குவது அதன் வேலை. சி.டி. ரைட்டருக்குள்ளும் பஃபர் என்று ஒரு சிறு நினைவகம் இருக்கிறது. தகவல் வரும் வேகத்தில் உள்ள குலுக்கலை அது தாங்குகிறது.

வீட்டு மேல்தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை குழாயில் ஒரே சீராக வரும். இங்கே மோட்டார் என்பது ஹார்ட் டிஸ்க், குழாய் என்பது லேசர், தொட்டி என்பது பஃபர்.

தொட்டி எவ்வளவு நேரம் தாங்கும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய ரைட்டர் ஒன்றில் 2 மெகாபைட் பஃபர் இருப்பதாகக் கொள்வோம். 2 மெகாபைட் என்பது 2,048 கிலோபைட்.

4 மடங்கு வேகத்தில் (விநாடிக்கு 600 கிலோபைட்): சுமார் 3.4 விநாடி.
8 மடங்கு வேகத்தில் (விநாடிக்கு 1,200 கிலோபைட்): சுமார் 1.7 விநாடி.
16 மடங்கு வேகத்தில் (விநாடிக்கு 2,400 கிலோபைட்): ஒரு விநாடிக்கும் குறைவு.

ஆகவே, ஹார்ட் டிஸ்க் இரண்டு விநாடி வேறு பக்கம் திரும்பிவிட்டால் 8 மடங்கு வேகத்தில் தொட்டி காலி. இதைத்தான் 'பஃபர் அண்டர்ரன்' என்றார்கள். வேகத்தைக் குறைத்தால் பிழைப்பதற்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது என்பதையும் இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

3. ஆன்ட்டி வைரஸ் எங்கே குறுக்கிடுகிறது?

ஆன்ட்டி வைரஸ் இரண்டு விதமாக வேலை செய்கிறது.

முதலாவது, வாசல் காவல். எந்த மென்பொருள் எந்தக் கோப்பைத் திறந்தாலும், அது கையில் கிடைக்கும் முன் ஆன்ட்டி வைரஸ் இடையில் புகுந்து சோதித்து, பிறகே விடுகிறது. சி.டி. எழுதும் மென்பொருளும் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்கத்தானே வேண்டும்? அதற்கும் இதே சோதனைதான்.

இரண்டாவது, ஊர்க் காவல். குறித்த நேரம் வந்ததும் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் மூலை முடுக்கெல்லாம் சுற்றிப் பார்க்கிறது. அந்த நேரத்தில் ஹார்ட் டிஸ்க்கின் முள் ஆன்ட்டி வைரஸ் கேட்கும் இடத்துக்கும் சி.டி. மென்பொருள் கேட்கும் இடத்துக்குமாக மாறி மாறி ஓடும்.

சிறிய கோப்புகள் நிறைய இருந்தால் சங்கடம் அதிகம். பழைய ஹார்ட் டிஸ்க் ஒரு சிறிய கோப்பைத் தேடி எடுக்க 25 மில்லி விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 40 கோப்புதான் எடுக்க முடியும். ஒவ்வொன்றும் 20 கிலோபைட் என்றால் விநாடிக்கு 800 கிலோபைட். 8 மடங்கு வேகத்துக்கு வேண்டியதோ 1,200. ஆன்ட்டி வைரஸ் தொடும் முன்பே பற்றாக்குறை. அது பாதியை எடுத்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். ஒரே பெரிய கோப்பு என்றால் முள் அங்குமிங்கும் ஓடாமல் வரிசையாகப் படித்துக் கொடுத்துவிடும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

4. நான் பட்ட பாடு

2006-ல் நம் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாள் பாடிய தாலாட்டும் நலங்குப் பாட்டும் கேசட்டில் இருந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பழைய குடும்பப் படங்களையும் சேர்த்து, அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வீடுகளுக்குப் பன்னிரண்டு சி.டி. எழுதிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டேன். என்னிடம் இருந்தது இன்னொருவர் பயன்படுத்திக் கழித்த பழைய 8 மடங்கு ரைட்டர்.

முதல் நாள் இரவு ஒரு சி.டி. கெட்டது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அப்படியே. முதலில் தட்டு மட்டம் என்று நினைத்து வேறு தட்டு வாங்கினேன். பயனில்லை. பிறகுதான் வேலையில் கற்ற பாடம் ஞாபகத்துக்கு வந்தது. வண்டி எப்போதும் ஒரே கிலோமீட்டரில் குலுங்கினால் குறை தண்டவாளத்தில். எந்த ஊரில் போனாலும் ஒரே பெட்டி குலுங்கினால் குறை பெட்டியில். கெட்ட மூன்று தட்டுகளும் எங்கே நின்றன என்று எழுதிப் பார்த்தேன். ஒன்று கால் பங்கில், ஒன்று பாதியில், ஒன்று முடியும் தறுவாயில். இடத்தில் ஒற்றுமை இல்லை. ஆனால் மூன்றும் இரவு எட்டு மணி அடித்ததும் நின்றிருந்தன. ஆன்ட்டி வைரஸ் தினமும் எட்டு மணிக்கு ஊர்க் காவல் கிளம்பும்படி நானே குறித்து வைத்திருந்தேன்!

காரணம் தெரிந்த மகிழ்ச்சியில் ஒரு தவறு செய்தேன். நேரத்தை மட்டும் மாற்றியிருந்தால் போதும். நானோ ஆன்ட்டி வைரஸையே முழுக்க நிறுத்திவிட்டேன். அன்றே நான்கு சி.டி. நன்றாக எழுதி முடிந்தது. மறுநாள் பாட்டியம்மாளின் பேரன், "தாத்தா, இந்தப் படத்தையும் சேர்த்துடுங்க" என்று ஒரு பென் டிரைவ் கொண்டுவந்தான். சேர்த்தேன். முதல் நான்கையும் ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டையும் புதிதாக எழுதி அனுப்பினேன். ஆன்ட்டி வைரஸ் நின்றே இருந்தது எனக்கு நினைவில்லை.

அந்தப் பென் டிரைவில் அப்போது ஊரெங்கும் பரவியிருந்த வகை வைரஸ் இருந்தது. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் அந்த ஃபோல்டரின் பெயரிலேயே, ஃபோல்டர் படத்தையே முகமாகப் போட்டுக்கொண்டு ஒரு நிரல் உட்கார்ந்துகொள்ளும். ஃபோல்டர் என்று நினைத்துத் தட்டினால் வைரஸ் கிளம்பும். பன்னிரண்டு சி.டி.யிலும் 'பாட்டி படங்கள்' என்ற ஃபோல்டருக்குள் இன்னொரு 'பாட்டி படங்கள்' இருந்தது. பாட்டியின் படத்தைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் அதைத்தான் தட்டினார்கள்.

ஒரு வீட்டில் பையனின் கல்லூரி ப்ராஜெக்ட் இருந்த கம்ப்யூட்டரை முழுக்க அழித்து மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. பன்னிரண்டு வீட்டுக்கும் போன் செய்து, "அந்த சி.டி.யைப் போடாதீர்கள்" என்று சொன்னேன். யாரும் கடிந்து பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

ஹார்ட் டிஸ்க்கில் வைரஸ் வந்தால் நீக்கிவிடலாம். பென் டிரைவையும் சுத்தம் செய்யலாம். ஒருமுறை எரித்த சி.டி.யிலிருந்து எதையும் நீக்க முடியாது. திருமலைக் கோயிலில் சங்கீர்த்தன பண்டாரம் என்ற சிறு கல் அறை இருப்பது அன்பர்கள் அறிந்ததே. அன்னமாச்சாரியாரின் (1408–1503) கீர்த்தனைகள் செப்பேடுகளில் வெட்டப்பட்டு அங்கே வைக்கப்பட்டிருந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த ஏடுகள் இருபதாம் நூற்றாண்டில்தான் வெளியே எடுக்கப்பட்டு அச்சாயின. செம்பில் வெட்டிய எழுத்தை ஓலையில் திருத்துவதுபோல் எளிதில் திருத்த முடியாது. உளி வைப்பதற்கு முன் ஏட்டைச் சரிபார்ப்பதே வழி. சி.டி.க்கும் அதே விதிதான். சோதனை முதலில், எழுத்து பிறகு.

5. இப்போதைய ரைட்டர்களில் என்ன மாற்றம்?

2000-ஆம் ஆண்டில் சான்யோ நிறுவனம் 'பர்ன் ப்ரூஃப்' என்ற முறையைக் கொண்டுவந்தது. தொட்டியில் தண்ணீர் குறைவதை ரைட்டரே கவனித்து, முழுவதும் வற்றுவதற்குள் எழுதுவதை ஒழுங்காக நிறுத்தி, நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளும். தொட்டி நிறைந்ததும் அதே இடத்தைத் தேடிப் பிடித்துத் தொடரும். ரிக்கோ போன்ற நிறுவனங்களும் வேறு பெயர்களில் இதையே செய்தன. சில ஆண்டுகளில் எல்லா ரைட்டர்களிலும் இது வந்துவிட்டது.

ஆகவே, இன்றைய டி.வி.டி. ரைட்டரில் ஆன்ட்டி வைரஸ் ஓடினால் பெரும்பாலும் வேலை மெதுவாகும், தட்டு கெடாது. அப்படியும் பாதியில் நிற்கிறது என்றால் பஃபரைத் தாண்டி வேறு காரணம் தேட வேண்டும். மட்டமான தட்டு, போதிய மின்சாரம் வராத யு.எஸ்.பி. இணைப்பு, தூங்கிப்போன லேப்டாப், இல்லையேல் திறக்க முடியாத ஒரு கோப்பு. கடைசியில் சொன்னதை நினைவில் வையுங்கள்.

6. எழுதும் முறை

இப்போது நான் கடைப்பிடிக்கும் வரிசை இது.

(அ) எழுத வேண்டிய எல்லாவற்றையும் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்கில் ஒரே ஃபோல்டரில் சேருங்கள். பென் டிரைவிலிருந்தோ பழைய வெளி டிஸ்க்கிலிருந்தோ நேராக எழுதாதீர்கள்.

(ஆ) ஆன்ட்டி வைரஸைப் புதுப்பித்து, அந்த ஃபோல்டரை மட்டும் சோதிக்கச் சொல்லுங்கள். கோப்புப் பெயர்களின் வால் தெரியும்படி அமைத்துக்கொண்டு நீங்களும் ஒரு பார்வை பாருங்கள். கல்யாணப் படங்களுக்கு நடுவில் '.இ.எக்ஸ்.இ.' என்று முடியும் நிரலுக்கு வேலை இல்லை.

(இ) ஃபோல்டரை ஒரே ஐ.எஸ்.ஓ. கோப்பாகக் கட்டுங்கள். இதற்கு இலவச மென்பொருள்கள் உண்டு. ஆயிரம் சிறு கோப்புகள் ஒரே பெரிய கோப்பாகிவிடுவதால் டிஸ்க்கின் முள் ஓட வேண்டியதில்லை. ஏதாவது ஒரு கோப்பு திறக்காவிட்டால் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும், தட்டு வீணாகாது. அட்டையில் 4.7 என்று போட்டிருக்கும் டி.வி.டி.யில் கம்ப்யூட்டர் கணக்குப்படி 4.38 தான் பிடிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தால் வகுக்கிறார், கம்ப்யூட்டர் 1,024-ஆல் வகுக்கிறது.

(ஈ) ஊர்க் காவல் எத்தனை மணிக்கு என்று பார்த்து, அந்த நேரத்தைத் தவிருங்கள். வாசல் காவல் ஓடிக்கொண்டே இருக்கட்டும். லேப்டாப் நடுவில் தூங்காதபடி அமையுங்கள், சார்ஜரைச் செருகுங்கள், ரைட்டரை நேராகக் கம்ப்யூட்டரில் இணையுங்கள்.

(உ) ரைட்டர் தரும் உச்ச வேகத்தில் பாதியைத் தேர்ந்தெடுங்கள். 4 மடங்கு வேகத்தில் முழு டி.வி.டி. எழுத 14 நிமிடம்தான்.

(ஊ) விண்டோஸ் 7 முதல் ஐ.எஸ்.ஓ. கோப்பை எழுதும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. அதில் எழுதிய பின் சரிபார்க்கும் கட்டத்தைத் தவறாமல் டிக் செய்யுங்கள். எழுதி முடிந்தது என்பது வேறு, எழுதியது சரி என்பது வேறு.

(எ) மிகப் பழைய கம்ப்யூட்டர், பழைய ரைட்டர், வேறு வழியே இல்லை என்றால் வாசல் காவலையும் சற்று நேரம் நிறுத்தலாம். ஆனால் சோதனை முடிந்த பிறகுதான். இன்டர்நெட் இணைப்பை எடுத்துவிடுங்கள், எந்தப் பென் டிரைவையும் செருகாதீர்கள். மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்ய பர்மிட் வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை வேலை முடிந்ததாகக் கணக்கில்லை. அதுபோல, ஆன்ட்டி வைரஸை மறுபடி ஓடவிடும்வரை சி.டி. எழுதும் வேலை முடியவில்லை என்று கொள்ளுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வையுங்கள். எனக்கு அந்தத் துண்டுக் காகிதம் இருந்திருந்தால் பன்னிரண்டு போன் மிச்சம்.

7. பீரோவில் இருக்கும் பழைய தட்டுகள்

பத்துப் பதினைந்து வருடம் முன்பு எழுதிய சி.டி.யில் அன்றைய வைரஸ் இருந்தால் இன்றும் அப்படியே இருக்கும். தட்டைப் போட்டதும் திறக்காமல் முதலில் சோதியுங்கள். வைரஸ் இருப்பதாகச் சொல்லும், நீக்க முடியவில்லை என்றும் சொல்லும். பயப்பட வேண்டாம். படங்கள், பாட்டுகள், வீடியோக்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்து, மற்றதை விட்டுவிடுங்கள்.

சாயப் படலத்துக்கு வெயிலும் சூடும் ஆகாது. நம் ராயலசீமைக் கோடையில் ஜன்னலோரம் வைக்காதீர்கள். சி.டி.யின் மேற்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள், ஒளியைத் திருப்பும் படலம் அந்த மேற்பூச்சுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. நினைவுக்குரிய எதையும் ஒரே தட்டை நம்பி விடாமல், வேறொரு இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள்.

இனி, அந்த அன்பரிடம் நான் கேட்ட கேள்வி. "இரண்டு தட்டும் ஒரே நேரத்தில் நின்றனவா, ஒரே இடத்தில் நின்றனவா?" என்றேன்.

வீட்டுக்குப் போய் மறுபடி பார்த்துவிட்டு மறுநாள் சொன்னார். நேரம் வேறு வேறு. ஆனால் இரண்டும் 62 சதவீதத்தில் நின்றிருந்தன. ஒரே கிலோமீட்டர்! அவர் பழைய வெளி டிஸ்க்கிலிருந்து நேராக எழுதியிருந்தார். மேலே சொன்ன வரிசைப்படி சோதித்தபோது, 'ரிசப்ஷன்' என்ற ஃபோல்டருக்குள் இன்னொரு 'ரிசப்ஷன்' உட்கார்ந்திருந்தது. பதினைந்து வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த எங்கள் பழைய சினேகிதன்தான். ரைட்டர் அதைத் திறக்கப் போகும்போதெல்லாம் ஆன்ட்டி வைரஸ் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

மச்சான் பையன் சொன்னபடி ஆன்ட்டி வைரஸை நிறுத்தியிருந்தால் தட்டு நூறு சதவீதமும் எழுதியிருக்கும். கல்யாணப் படங்களோடு அதுவும் சம்பந்தி வீட்டுக்குப் போயிருக்கும்.

அந்த ஒரு கோப்பை நீக்கி, ஐ.எஸ்.ஓ. கட்டி, 4 மடங்கு வேகத்தில் எழுதினார். ஆன்ட்டி வைரஸ் ஓடிக்கொண்டேதான் இருந்தது. டி.வி.டி. சித்தூர் போய்ச் சேர்ந்து, அவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பார்த்ததாக நேற்று போனில் சொன்னார்.